கழுத்தில் தொங்கிய முத்திரை

இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனையில், திவான் என்ற அமைச்சரவை கூடிய மண்டபத்துச் சுவரில், கிராதி போட்ட சிறிய சாளரம் ஒன்று உயரத்தில் இருக்கிறது. அதற்கு நேர் கீழேதான் தலைமை வசீரின், அதாவது சுல்தானின் முதலமைச்சரின், இருக்கை. கிராதிக்குப் பின்னால் சுல்தான் வந்து அமர்ந்திருக்கிறாரா இல்லையா என்பது கீழே இருப்பவருக்குத் தெரியாது. மூன்று கண்டங்களில் பரவிய உதுமானியப் பேரரசின் வரியையும் படையையும் நீதியையும் தீர்மானித்தவர், தலைக்கு மேல் அந்தச் சாளரத்தை வைத்துக்கொண்டுதான் தீர்மானித்தார். அங்கே போயிருந்தபோது அதன் கீழே வெகுநேரம் நின்றேன்.

தொலைக்காட்சித் தொடர்களின் புண்ணியத்தால் உதுமானிய வரலாற்றைப் பேசுபவர்கள் நம்மிடையே பெருகியிருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் சுல்தான் சுலைமானின் தலைமை வசீர் இப்ராஹிம் பாஷாவின் கொலை என்றதும், சுலைமானின் மனைவி ஹுர்ரெம் சுல்தானின் சூழ்ச்சி என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்தப்புரப் பகை இருந்திருக்கலாம். ஹுர்ரெம் பிறப்பதற்கு முன்பும் இறந்த பின்பும் கொல்லப்பட்ட அத்தனை வசீர்களுக்கு அது எப்படிக் காரணமாகும்? வீழ்ச்சி அந்தப் பதவிக்குள்ளேயே வைத்துக் கட்டப்பட்டிருந்தது என்பதே என் எண்ணம்.

1453-இலிருந்து தொடங்க வேண்டும். அப்போது தலைமை வசீராக இருந்த சந்தார்லி ஹலீல் பாஷா, பாட்டனார் காலம் முதல் அதே பதவியை வகித்துவந்த பழைய துருக்கியக் குடும்பத்தவர். சிறுவனாக அரியணை ஏறிய இரண்டாம் மெஹ்மதை 1446-இல் இறக்கி, தந்தை முராதை மீண்டும் அழைத்து வந்தவர் அவரே. மெஹ்மத் மீண்டும் சுல்தானானபின் நடத்திய கான்ஸ்டான்டினோபிள் (இன்றைய இஸ்தான்புல்) முற்றுகையையும் எதிர்த்தார். மே 29 அன்று நகரம் விழுந்தது; சில நாள்களில் ஹலீல் கைதானார்; ஜூலையில் கொல்லப்பட்டார். சுல்தானின் ஆணையால் உயிரிழந்த முதல் தலைமை வசீர் அவர். குலமும் சொத்தும் செல்வாக்கும் உள்ளவர் அந்த இருக்கையில் அமர்வது ஆபத்து என்று மெஹ்மத் கண்டுகொண்டார். அதன்பின் அந்த இடத்துக்குப் பெரும்பாலும் வந்தவர்கள், கிறித்தவக் குடும்பங்களிலிருந்து சிறுவயதில் பிரித்தெடுக்கப்பட்டு அரண்மனையில் வளர்க்கப்பட்ட 'குல்'கள், அதாவது சுல்தானின் அடிமைகள். அவர்கள் சேர்த்த செல்வம் சுல்தானுடையது, உயிரும் அவருடையதே.

அந்த ஏற்பாடு எவ்வளவு உயர்த்தும், எவ்வளவு ஆழத்தில் தள்ளும் என்பதற்கு இப்ராஹிமைவிடத் தெளிவான சான்று இல்லை. கிரேக்கக் கடற்கரை ஊரான பார்காவில் பிறந்து அடிமையாக வந்தவர். சுலைமானின் இளமைத் தோழர். இடைப்படிகள் எதுவும் இல்லாமல் 1523-இல் நேராகத் தலைமை வசீரானார். எகிப்தில் ஒழுங்கை நிலைநாட்டினார், ஹங்கேரியின் மோஹாச் போரில் படை நடத்தினார், ஐரோப்பியத் தூதர்களிடம் பேரரசின் குரலாகவே பேசினார். சுல்தானின் பெயர் பொறித்த பொன் முத்திரையைச் சிறு பையிலிட்டுக் கழுத்தில் அணிவது அந்தப் பதவியின் வழக்கம். அதைத் திருப்பிக் கேட்டு ஆள் வந்தால் பதவி முடிந்தது. இப்ராஹிமிடம் கேட்டுக்கூட யாரும் வரவில்லை. 1536 மார்ச்சில், ரமலான் மாதத்து இரவொன்றில், சுல்தானோடு உணவருந்திவிட்டு அரண்மனையிலேயே உறங்கப் போனவர் காலையில் பிணமாகக் கிடந்தார். 'மக்பூல்', அதாவது பிரியத்துக்குரியவர், என்று அழைக்கப்பட்டவரை மக்கள் அதன்பின் 'மக்தூல்' என்றார்கள்: கொல்லப்பட்டவர். ஓர் எழுத்துதான் மாறியது. இந்த இரண்டு சொற்களை முதன்முதலில் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

விலக்குகள் உண்டு. 1656-இல் சுர்னசென் முஸ்தபா பாஷா நான்கே மணி நேரம் பதவியில் இருந்தார். அதே ஆண்டில் வந்த முதியவர் கொப்ருலு மெஹ்மத் பாஷாவோ, தன் முடிவுகளில் அரண்மனை தலையிடக் கூடாது என்று முன்கூட்டியே நிபந்தனை விதித்துத்தான் முத்திரையை வாங்கினார். அவரும், அவருக்குப் பின் வந்த மகன் ஃபாஸில் அஹ்மதும் பதவியிலிருந்தபடியே இயற்கையாக இறந்தார்கள். ஆனால் அது ஒரு மனிதர் பேசி வாங்கிய சலுகை; சட்டம் ஆகவில்லை. அதே வீட்டில் வளர்ந்த காரா முஸ்தபா பாஷா 1683-இல் வியன்னாவில் தோற்றதும், பெல்கிரேடில் அவர் கழுத்துக்குப் பட்டுக் கயிறு வந்து சேர்ந்தது.

அந்தச் சலுகையைச் சட்டமாக்க முயன்ற தலைமை வசீர் மித்ஹத் பாஷா. இந்த வரிசையில் நான் மிகவும் மதிப்பவர் அவரே. 1876 டிசம்பர் 23 அன்று அவர் தலைமையில் பேரரசின் முதல் அரசியலமைப்பு அறிவிக்கப்பட்டது. ஆனால் அரசின் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று காவல்துறை கருதும் எவரையும் சுல்தான் நாடு கடத்தலாம் என்ற வாசகம் அதன் 113-ஆம் பிரிவில் இருந்தது. சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது அதில் பிடிவாதமாக நின்றார். நண்பர்கள் எச்சரித்தும், அரசியலமைப்பே கைநழுவிவிடக் கூடாது என்று மித்ஹத் இணங்கினார். 44 நாள்கள் கழித்து, 1877 பிப்ரவரி 5 அன்று, அவரிடமிருந்து முத்திரை பறிக்கப்பட்டது; அதே பிரிவின்படி கப்பலேற்றி அனுப்பினார்கள். பின்னர் நாடு திரும்ப அனுமதித்து, 1881-இல் விசாரணை என்ற பெயரில் தண்டித்து, அரேபியாவின் தாயிஃப் சிறையில் அடைத்தார்கள். 1884-இல் அங்கேயே கழுத்து நெரிக்கப்பட்டு இறந்தார். அவருடைய எச்சங்கள் இஸ்தான்புல்லுக்கு வந்து சேர்ந்தது 1951-இல். அப்போது அங்கே சுல்தானும் இல்லை, தலைமை வசீரும் இல்லை.