மொட்டை மாடிக்கு எதற்குப் பூட்டு?

"லீவுக்கு எங்கே போனீங்க?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். மொட்டை மாடிக்கு என்றேன். சிரித்தார்கள். உண்மையைத்தான் சொன்னேன்.

வேலூரில் சித்திரை பிறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்கு விடுமுறை கிடையாது. போன வாரம் விடிகாலை நாலு மணிக்கே அம்மா பெரிய குண்டானை அடுப்பில் ஏற்றிவிட்டார். வடாம் கூழ். கிண்டுவது நானும் மனைவியும் மாறி மாறி. கொஞ்சம் அசந்தால் அடிபிடித்துவிடும். பச்சை மிளகாய் விழுது, சீரகம், பெருங்காயம் எல்லாம் யார் வேண்டுமானாலும் போடலாம், உப்பு மட்டும் அம்மா கையால்தான். கூழில் உப்பு சரியாக இருந்தால் காய்ந்த வடாமில் கரிக்கும், அதனால் ஒரு படி குறைவாகப் போட வேண்டும். இந்த 'ஒரு படி' எவ்வளவு என்று இருபது வருடமாகக் கேட்கிறேன், பதில் இல்லை.

ஆறு மணிக்கெல்லாம் மாடியில் நாலு பழைய வேட்டி விரித்தாயிற்று. எதிர் வீட்டு பாஜி (உருதுவில் அக்கா) தன் முறுக்கு அச்சோடு வந்தார். கீழ் வீட்டு அக்கா நாற்காலியோடு வந்தார், முட்டி வலி. வெயில் ஏறுவதற்குள் பிழிந்து முடிக்க வேண்டும், ஆனாலும் கதை நின்றபாடில்லை. காக்கா விரட்டும் வேலை பிள்ளைகளுக்கு. ஆளுக்கு அரை மணி நேரம், கறுப்புக் குடை என்னுடையது. காவலுக்கு உட்கார்ந்தவர்கள் தின்ற பச்சைக் கூழ்தான் காக்கா கொண்டுபோனதைவிட அதிகம்.

மதியம் குடியாத்தத்திலிருந்து என் அக்கா நுங்கோடு வந்தாள். வைகாசி ஒன்றாம் தேதி அங்கே நடக்கும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு எல்லோரும் வந்தாக வேண்டும் என்று மிரட்டிவிட்டு, ஃபேனுக்கு அடியில் படுத்துவிட்டாள். சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, மோர்ச்சோறும் ஊறுகாயும்தான். யாருக்கும் சமைக்கத் தெம்பில்லை.

எங்கள் ஊர் வெயிலைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறது. 104, 106 டிகிரி என்றால்தான் செய்தியில் வேலூர் பெயரே வரும். சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள். பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரியில் திருப்பித் தரும். சென்னைக்காரர்களுக்கு மதியமே கடல் காற்று வந்துவிடும், எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆனால் இந்த வெயிலில்தான் காலையில் பிழிந்த வடாம் சாயங்காலம் துணியைத் திருப்பித் தண்ணீர் தெளித்தால் உரிந்து வருகிறது. இன்னும் ஒரு நாள் காய்ந்தால் டப்பாவில் போட்டுவிடலாம்.

இதற்கு முன்னால் குடியிருந்த வீட்டில் இதெல்லாம் நடக்காது. மாடிக் கதவில் பூட்டு, சாவி வீட்டுக்காரரிடம். பிள்ளைகள் விழுந்துவிடுவார்கள், தண்ணீர்த் தொட்டிக் குழாயை உடைப்பார்கள் என்றார். முதல் காரணம் நியாயம், மறுக்க மாட்டேன். அதற்குக் கைப்பிடிச் சுவரை உயர்த்தலாமே? மூன்று கோடையில் ஒரு தடவை சாவி கேட்டு வாங்கினோம். அதையும் பத்து மணிக்குத் திருப்பிக் கேட்டார், வடாம் பாதி ஈரத்தில் இருந்தது. அதே கட்டடத்தில் ஆறு குடும்பம். யார் வீட்டில் எத்தனை பேர் என்றுகூட எனக்குத் தெரியாது. இங்கே வந்து ஒரே கோடையில் பாஜியின் மூத்த மகள் எந்தக் காலேஜுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள் என்பது வரை தெரியும்.

வீட்டுக்காரர்களே, வருடம் முழுக்கத் திறக்கச் சொல்லவில்லை. சித்திரை, வைகாசி ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அந்தப் பூட்டைக் கழற்றுங்கள். குழாய் உடைந்தால் நாங்களே மாற்றித் தருகிறோம்.

கடையில் பாக்கெட் வடாம் கிடைக்கிறதே என்று ஒருவர் சொல்வார். கிடைக்கிறது. எங்கள் வீட்டிலும் வாங்கியிருக்கிறோம், நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு பாஜி வீட்டு மோர் மிளகாய். என் குடை இன்னும் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது.