காளை இல்லாத இடபவாகனர்

சிவன் திருமேனிகளைக் கைகளிலுள்ள மழு, மான், உடுக்கை, தீ ஆகியவற்றைக் கொண்டே இனங்காண வேண்டும் என்று அத்திருமேனிகளைப் பற்றிய ஒரு கட்டுரையில் அதன் ஆசிரியர் எழுதியிருப்பது நடராசர், சந்திரசேகரர் போன்ற வடிவங்களுக்குப் பொருந்தும். எல்லாச் செப்புத்திருமேனிகளுக்கும் பொருந்தாது. திருவெண்காட்டில் கிடைத்து, இப்போது தஞ்சாவூர் கலைக்கூடத்தில் உள்ள இடபவாகனர், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன், இதற்குச் சான்று. முதலாம் இராசராசன் காலத்தில், 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த அத்திருமேனிக்கு இரண்டே கைகள். அவற்றில் ஆயுதம் ஏதுமில்லை. பாம்புகள் பின்னிய சடையைத் தலைப்பாகை போலச் சுற்றிக் கட்டி, ஒரு காலை மறுகாலின் குறுக்கே வைத்து, பக்கத்தில் நிற்கும் காளையின் மீது கையைச் சாய்த்தபடி இறைவன் நிற்கிறார். காளைதான் இன்று இல்லை. அது போன பின்னும் அதன் உயரமும் நெருக்கமும் வளைந்த அந்த முழங்கையிலிருந்தே நமக்குத் தெரிந்துவிடுகின்றன என்பதால், குறியீடு என்பது கையில் ஏந்திய பொருளில் மட்டுமன்றி, உடல் சாயும் விதத்திலும் இருக்கிறது என்றே கருதுகிறேன். 1011க்கு அடுத்த ஆண்டில் இந்த இடபவாகனருக்குத் துணையாக அமைக்கப்பெற்ற உமையின் திருமேனியையும் சேர்த்தே கட்டுரையாசிரியர் ஆராய்ந்திருக்கலாம்.