"ஏங்கண்ணு, நேத்து சாப்பிட வரல?"

அக்கா மகன் சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்து மூன்றாவது வாரம். ராத்திரி பதினோரு மணிக்கு போன். "மாமா, எனக்கு இது ஒத்து வராது போல. ஊருக்கே வந்துரட்டா?" என்ன நடந்தது என்று கேட்டால், ஒன்றும் நடக்கவில்லையாம். ராகிங் இல்லை, யாரும் திட்டவில்லை, சாப்பாடுகூடப் பரவாயில்லையாம். "சும்மாதான் மாமா. ஒரு மாதிரியா இருக்கு."

அந்த 'ஒரு மாதிரி' எனக்கு நன்றாகத் தெரியும். 2011-ல் சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனவன் நான். அப்போதெல்லாம் கவுன்சலிங்குக்கு கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போக வேண்டும். சான்றிதழ்களை மஞ்சள் பையில் போட்டு, அதை மடியிலேயே வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல் பஸ்ஸில் வந்தார் அப்பா. முதல் பட்டதாரி சலுகை அதற்கு முந்தைய கல்வியாண்டில்தான் வந்திருந்தது. அது இல்லையென்றால் பையை எடுத்திருக்கவே மாட்டோம்.

சேர்ந்தாயிற்று. அப்புறம்தான் சங்கடம்.

முதல் நாள் அறையைப் பெருக்கலாம் என்று, "வாரியல் எங்க இருக்கு?" என்று கேட்டேன். அறையில் இருந்த மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஈரோட்டுக்காரன் ஒருவனுக்குக் கொஞ்ச நேரம் கழித்துப் புரிந்தது. "ஓ, சீமாறுங்களா?" அவன் "அக்கட்டால நில்லுங்க" என்றபோது எந்தப் பக்கம் நகர்வது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் பேசியது தமிழ்தான். அந்த 'ங்க' வேறு. எங்கள் ஊரில் நெருங்கியவனை 'ஏலே' என்போம். இங்கே ஒரே வயதுக்காரன் 'வாங்க, போங்க' என்றால் என்னைத் தள்ளி நிறுத்துகிறான் என்றே நினைத்தேன். அது அவர்கள் ஊர்ப் பிரியம் என்று புரிய ஒரு செமஸ்டர் ஆனது.

வகுப்பு இன்னும் மோசம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். கணக்கு முதல் பாடமே மேட்ரிக்ஸ். பேராசிரியர் ஆங்கிலத்தில் கடகடவென்று போய்க்கொண்டிருந்தார். எனக்குக் காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது. பத்து நிமிஷம் கழித்து போர்டில் ஓர் அடைப்புக்குறி போட்டு, உள்ளே வரிசை வரிசையாக எண்களை எழுதினார். அட, இது நம்ம 'அணி'! பன்னிரண்டாம் வகுப்பில் ஓரம் கிழிந்த புத்தகத்தில் போட்டுப் போட்டுத் தேய்ந்த கணக்கு. அந்த ஒரு வாரத்தில் நான் பார்த்த முதல் தெரிந்த முகம் அதுதான் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

இப்போது நிலைமை எவ்வளவோ மேல். அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலிலும் 7.5 சதவீத இடஒதுக்கீடு 2021-ல் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022-லிருந்து புதுமைப் பெண் திட்டம், பையன்களுக்கு 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டம், மாதம் ஆயிரம் ரூபாய். என் மருமகனும் இதில் சேர்ந்தவன்தான். வாசல் வரை கொண்டுபோய் விட ஆள் இருக்கிறது. உள்ளே போனவன் மத்தியானம் யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்பதை எந்தத் திட்டமும் பார்க்க முடியாது.

கல்லூரிகளும் சும்மா இல்லை. பொறியியல் கல்லூரிகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ சொன்னபடி முதலாண்டு மாணவர்களுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சி வைக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் பல இடங்களில் அது ஏசி ஹாலில் தன்னம்பிக்கைப் பேச்சாளரின் பேச்சைக் கேட்டுக் கைதட்டுவதோடு முடிந்துவிடுகிறது. ஐந்நூறு பேரோடு உட்கார்ந்து கைதட்டிவிட்டு அறைக்கு வந்தால் இன்னும் தனியாகத்தான் இருக்கிறது.

"எல்லாரோடயும் கலந்து பழகு" என்று அவனிடம் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் சொன்னார்கள். எல்லாரோடும் யாரால் பழக முடியும்? தமிழ் மீடியம் பையன்கள் நாலைந்து பேர் கடைசி பெஞ்சில் ஒண்டிக்கொண்டால் சில ஆசிரியர்களுக்கு ஆகாது, 'குரூப் சேர்கிறான்' என்பார்கள். சேரட்டுமே. நீச்சல் தெரியாதவன் முதலில் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பான். வாராவாரம் ஊருக்கு ஓடாதே என்கிறார்கள். நான் முதல் இரண்டு மாதமும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில்தான் நின்றேன். கெட்டுப்போகவில்லை.

ஒன்றே ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ஊர்க்காரன் என்று தோளில் கை போட்டு வருகிற சீனியர், எந்த ஊர் என்று கேட்பதோடு நிறுத்தாமல் "எந்தத் தெரு?" என்று கேட்டால் எழுந்து வந்துவிட வேண்டும். அவன் கேட்பது விலாசம் இல்லை என்பது எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும்.

எனக்கு அந்தக் கல்லூரி எப்போது என் இடமானது? மெஸ்ஸில் பரிமாறும் அக்கா ஒருவர் இருந்தார். இரண்டாவது மாதம் முடிகிற சமயம் ஒருநாள் காய்ச்சல், ராத்திரி சாப்பிடப் போகவில்லை. மறுநாள் காலையில் தட்டை நீட்டினேன். கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டு, "ஏங்கண்ணு, நேத்து ராத்திரி சாப்பிட வரல?" என்றார். அறுநூறு பேர் சாப்பிடும் இடம். நான் வராதது ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு இட்லி எத்தனை சாப்பிட்டேன் என்று நினைவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகவில்லை.

மருமகனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. பதினோரு மணிக்குக் கதை சொன்னால் எவன் கேட்பான்? சனிக்கிழமை வா, அக்காவிடம் கறி எடுக்கச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். வந்தான், தூங்கினான், போனான். அடுத்த வாரமும் வந்தான்.

போன வாரம் நானே கூப்பிட்டேன். ரூம்மேட் தர்மபுரிப் பையன், அம்மை போட்டு ஊருக்குப் போய்விட்டானாம். வர பத்து நாள் ஆகுமாம்.

"அவன் இல்லாம ரூமே ஒரு மாதிரியா இருக்கு மாமா" என்றான்.