டீசல் சொட்டவில்லை என்றால் கசிவே இல்லையா?

அடிக்கடி திணறி நிற்கும் பழைய டிராக்டரைப் பற்றி, "வெளியே ஒரு சொட்டு டீசல்கூட இல்லை, அதனால் டீசல் லைனில் கசிவு கிடையாது, பம்பைத்தான் கழற்ற வேண்டும்" என்கிறார் அண்ணாச்சி ஒருவர். பழைய டிராக்டருக்கு இது பொருந்தாது. டேங்கிலிருந்து வரும் டீசலை ஃபீட் பம்ப், அதாவது இன்ஜினுக்கு டீசல் அனுப்பும் சின்ன பம்ப், உறிஞ்சித்தான் இழுக்கிறது. அந்தக் குழாயில் விரிசல் இருந்தால் டீசல் வெளியே வராமல் காற்று உள்ளே போகலாம். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், லோடு ஏறியதும் திணறி நிற்கும், லைனில் புகுந்த காற்றை வெளியேற்றி ஏர் எடுத்துவிட்டால் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடும்.

சேரன்மகாதேவிப் பக்கம் பிசான நெல்லுக்குத் தொளி (சேறு) உழும்போது என் வண்டி இப்படித்தான் நின்றது. ஃபீட் பம்புக்கு முன்னால் உள்ளே தெரிகிற டீசல் ஹோஸ் ஒரு சாண் மாட்டிப் பார்த்தோம். குமிழி குமிழியாக ஓடியது! குழாயை இணைக்கும், நடுவில் துளையுள்ள பேஞ்சோ போல்ட்டில் நசுங்கிப்போன பழைய செம்பு வாஷர்தான் காரணம். புதிதாக இரண்டு போட்டதும் தீர்ந்தது. மேலே பசை பூசுவதெல்லாம் நாலு நாள் கூத்து.

அப்புறம், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போகிற பைப்பில் கசிவை விரலால் தடவிப் பார்க்க அண்ணாச்சி சொன்னது ஆபத்து. அதில் 100 பாருக்கு மேல் அழுத்தம், டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஒரு அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள், போதும்.