கணக்குக் கேட்கும் பிளகின் வேண்டாம்

வலைத்தளம் செய்ய உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளோடு இன்னும் நிறைய பிளகின்களை, அதாவது கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்களை, சேர்த்தே தரவேண்டும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. எனக்கு உடன்பாடில்லை. திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளுக்குத் தளம் செய்து கொடுக்கிறேன். கருத்துப் பெட்டியில் காசினோ விளம்பரங்கள் வந்து கொட்டும். வேர்ட்பிரஸ்ஸோடு கூடவே வரும் அகிஸ்மெட் என்ற பிளகின் அதை நன்றாகவே தடுக்கும். ஆனால் அதற்கு ஏபிஐ கீ வேண்டும், அதாவது அகிஸ்மெட்டில் கணக்குத் திறந்து வாங்கும் ஒரு குறியீடு. சொந்த வலைப்பூ என்றால் இலவசம், வியாபாரத் தளம் என்றால் கட்டணம். நாலு அறை வாடகைக்கு விடும் அக்காவின் தளமும் வியாபாரத் தளம்தானே? வேறெங்கோ கணக்குத் திறக்காமல் ஓடாத எதையும் பொதியில் வைக்கவே கூடாது. தளத்தை நகலெடுத்து வைக்கும் பேக்கப் பிளகின் ஒன்று மட்டும் கட்டாயம் வேண்டும். மற்றவை, பதிவு எழுதும் புதிய எடிட்டரான குட்டன்பர்க் வந்த வழியில் வரட்டும். அது முதலில் தனிப் பிளகினாக இருந்தது, பலர் பாவித்துப் பார்த்தார்கள், 2018 டிசம்பரில் 5.0 பதிப்பில்தான் உள்ளே வந்தது. அப்போதும் பிடிக்காதவர்களுக்குப் பழைய எடிட்டரைத் திருப்பித் தரும் கிளாசிக் எடிட்டர் பிளகின் இருந்தது.