கன்று வீசின எருமையை விற்காதீர்கள்

போன வருஷம் மாமாவுக்கு அந்திப்பட்டால் காய்ச்சல் வரும். விடியும்போது சாரமெல்லாம் வேர்வையில் ஊறிக் கிடக்கும். மறுகா ரெண்டு கிழமை சுகம், திரும்பவும் காய்ச்சல். டெங்கு இல்லை, எலிக்காய்ச்சலும் இல்லை. மூட்டு நோவுக்கு எண்ணெய் பூசிக்கொண்டே நாலு மாதம் போனது. கடைசியில்தான் ஒரு டொக்டர் கேட்டார்: "பட்டியில மாடு ஏதும் நாள் வரமுன்னம் கன்று போட்டதா?"

போட்டது. ஏழு மாதச் சினை எருமை. செத்த கன்றை மாமா வெறுங்கையால்தான் இழுத்தெடுத்தார். இளங்கொடியைச் சாக்கில் கட்டி மரத்தில் தொங்கவிட்டதும் அவர்தான்.

மாமாவுக்கு வந்தது புரூசெல்லோசிஸ், மாட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய். அந்தக் கன்றிலும் கொடியிலும் கழிவுநீரிலும் அந்தக் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். கையில் ஒரு கீறல் இருந்தால் போதும். பச்சைப் பாலிலும் வரும். காய்ச்சிய பாலில் உறை ஊற்றிய தயிருக்குப் பயமில்லை, பட்டியில் கறந்த சூட்டோடு குடிப்பதுதான் ஆபத்து. மோல்டா தீவில் 1887இல் பிரித்தானியப் படை மருத்துவர் டேவிட் புரூஸ் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். அது ஆட்டுப்பாலில் வருகிறது என்று தெரிய 1905 ஆனது. அங்கிருந்த பிரித்தானியப் படையினருக்கு அந்தப் பாலை நிறுத்தியதும் காய்ச்சலும் அடங்கிவிட்டது.

காட்டையும் இது விடாது. அமெரிக்காவின் யெலோஸ்டோன் தேசியப் பூங்காவில் காட்டெருதுகளிடம் (பைசன்) 1917இலேயே கண்டார்கள். மனிதர் கொண்டுபோன மாடுகள் கொடுத்த நோய் அது. இன்று அதே நோயைச் சொல்லித்தான் பூங்காவை விட்டு வெளியேறும் காட்டெருதுகளைக் கொல்கிறார்கள். இங்கே பெரும்போகத்துக்கு நம் பட்டிகள் காட்டோரம் போகின்றன. நம் எருமையும் காட்டெருமையும் இறங்குவது ஒரே குளத்தில். மேய்ச்சற்தரை சுருங்கச் சுருங்க நெருக்கம் இன்னும் கூடுகிறது.

கன்று வீசின மாட்டைச் சத்தமில்லாமல் விற்றுவிடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அது அடுத்தவன் பட்டிக்கு நோயை ஓட்டிவிடுகிற வேலை. ஆனால் பட்டிக்காரரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். நோய் என்று ஊருக்குத் தெரிந்தால் பாலை யார் வாங்குவார்? நோய் இருப்பது பிடிபட்ட மாட்டுக்கு நியாயமான விலை கையில் கிடைக்கும் என்ற உறுதியை அரசு தரவேண்டும். தந்தால் யாரும் மறைக்க மாட்டார்கள். நாலு முதல் எட்டு மாதத்துக்குள் நாகு கன்றுகளுக்கு ஒரே ஒரு தடுப்பூசி, அதுவும் பட்டி நிற்கிற இடத்துக்கே வரவேண்டும். காட்டோரத்தில் நிற்கும் கன்றை ஒவ்வொன்றாய்ப் பிடித்து டவுனுக்கு யார் ஏற்றிவருவது?

இனி மாடு கன்று வீசினால் கையில் உறை போடுங்கள். கன்றையும் கொடியையும் நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். மாட்டைத் தனியாகக் கட்டி, அன்றைக்கே மிருக வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

மாமா ஆறு கிழமை மருந்து எடுத்து எழும்பிவிட்டார். போன மாதம் அந்த எருமையைக் கேட்டு ஒரு வியாபாரி வந்தார், நல்ல விலையும் சொன்னார். மாமா காரணத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.