குளிர்காலத்தில் மூடி, ஏப்ரலில் திறக்கும் இடம்

மே, ஜூனில் பனிச்சறுக்க எங்கே போகலாம் என்று ஒரு கட்டுரை படித்தேன். அது ஆஸ்திரியாவின் ஹின்டர்டக்ஸ், சுவிட்சர்லாந்தின் ஸெர்மாட் என்று ஆல்ப்ஸ் மலையின் பனியாறுகளோடு (ஆண்டு முழுவதும் உருகாமல் கிடக்கும் பனிக்கட்டித் திரள்கள்) நின்றுவிட்டது. ஜப்பானின் யமகட்டா மாகாணத்தில் உள்ள கஸ்ஸானைச் சேர்த்திருக்கலாம். 1984 மீட்டர் உயர மலைதான், பனியாறு எதுவும் கிடையாது. ஆனால் ஜப்பான் கடலைத் தாண்டி வரும் சைபீரியக் காற்று அங்கே கொட்டும் பனி அளவுக்கு மீறியது. நடுக்குளிர்காலத்தில் சாலையும், சறுக்குபவர்களைச் சரிவின் மேலே ஏற்றிவிடும் லிஃப்டும் புதைந்துபோவதால் மூடிவிடுவார்கள். மற்ற இடங்கள் கடையைக் கட்டும் ஏப்ரலில்தான் இங்கே திறப்பு. வழக்கமாக ஜூலை வரை ஓடும்.

வசதி எதிர்பார்த்துப் போகாதீர்கள். வாகன நிறுத்தத்திலிருந்து லிஃப்டுக்கே ஸ்கீயை (சறுக்குப் பலகைகளை) தோளில் சுமந்து நடக்க வேண்டும். கோடை நெருங்க நெருங்க ஆங்காங்கே மண்ணும் புதரும் தலைகாட்டும். இரவில் இறுகிய பனி காலையில் கல் மாதிரி இருக்கும். வெயில் ஏறி மேல்பரப்பு கொஞ்சம் இளகும் நேரம்தான் அருமை. மதியத்துக்கு மேல் கூழாகி, கால்களை இழுக்கும். மேட்டுப்பள்ளங்களில் குதித்துப் பழகுபவர்களுக்கு இது சொர்க்கம், புதிதாகக் கற்பவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம், சன்ஸ்கிரீன் மறக்க வேண்டாம். மே, ஜூன் மாத வெயில் பனியில் பட்டுத் திரும்பி முகவாய்க்கு அடியிலும் சுடும்.